ஊர்வசி ஊர்வசி (திரைப்பாடல்)

'ஊர்வசி ஊர்வசி' 1994-ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலன்' திரைப்படத்தில் இடம்பெற்ற பாடல். இசை ஏ. ஆர். ரகுமான், பாடல் வைரமுத்து. ரகுமான், சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது ஆகிய மூவரும் பாடினர். ஷங்கர் இயக்கிய இப்படத்தில் பிரபுதேவா நண்பர்களுடன் ஆடிப் பாடுவதாக இக்காட்சி அமைந்தது. ஃபங்க் இசையின் சாயலைத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டி வரை கொண்டுசென்ற பாடல்களுள் இது முக்கியமானது. இதன் தாளம் கடல் கடந்து போனது, சொற்கள் போகவில்லை. ஆனால் பாடலின் சிறப்பையும் குறையையும் அந்தச் சொற்களில்தான் தேட வேண்டும்.

இசை அமைப்பு

ஃபங்க் 1960-களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்களிடையே உருவானது. அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் ஜேம்ஸ் பிரவுன் முதன்மையானவர். இதில் மெட்டு நீண்டு வளர்வதில்லை. சிறிய தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் அழுத்தம் விழும். பாட்டு பேச்சை ஒட்டியே நடக்கும். 'ஊர்வசி' இந்த இலக்கணத்துக்கு நெருங்கி நிற்கிறது.

தமிழ்ச் செவிகளுக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடும் முறை கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் உள்ளதுதான். இராமநாதபுரம், இராமேசுவரம் கரைப்பகுதியினர் இலங்கை வானொலி வழியாகப் பைலா வகைத் துள்ளல் பாடல்களையும் முன்பே கேட்டுப் பழகியிருந்தனர்.

வரிகள்

பாடல் ஒரு பட்டியலாக நடக்கிறது. 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் மின்சாரம் போவது, ஒழுங்காகப் படித்தும் தேர்வில் தோற்பது, வீட்டில் தந்தையிடம் ஏச்சு வாங்குவது என்று சின்னச் சின்னத் துன்பங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆங்கிலத் தேறுதல்தான் பதில். வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் நான்கைந்து பாடல் பார்க்க வாரம் முழுதும் காத்திருந்த தலைமுறைக்கு இது விளக்கம் தேவைப்படாத நகைச்சுவை. தேர்வில் தோற்ற மாணவனிடம் 'போகட்டும், விடு' என்று சொல்ல வீட்டிலும் பள்ளியிலும் ஆள் குறைவாக இருந்த காலத்தில் இப்பாடல் அதைச் சொன்னது. இதைச் சிறிய காரியம் என்று தள்ள முடியாது.

குறையும் இங்கேதான் உள்ளது. பெண்கள் இப்பாடலில் பார்க்கப்படுகிறார்கள், பேசுவதில்லை. வகுப்பறைக்குள் மாணவி வருவதே மாணவனின் கண்ணுக்கு விருந்தாக என்பது போன்ற கேலியும் உண்டு. பாடும் குரல்கள் மூன்றும் ஆண் குரல்களே; பதில் சொல்ல ஒரு பெண்குரல் இல்லை. அதே தேர்வில் தோற்ற மாணவிக்கு இப்பாடலில் ஆறுதல் கிடையாது.

தாக்கம்

'காதலன்' இந்தியில் 'ஹம்ஸே ஹை முக்காப்லா' என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டபோது பாடல் வடநாட்டிலும் பரவியது. பிளாக் ஐட் பீஸ் குழு தன் 'எலிஃபங்க்' (2003) தொகுப்பில் இளையராஜாவின் 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படப் பாடல் ஒன்றை முன்பே எடுத்தாண்டிருந்தது. அக்குழுவைச் சேர்ந்த வில்.ஐ.ஆம் 2014-இல் 'ஊர்வசி'யைக் கொண்டு கோடி வைஸுடன் 'இட்ஸ் மை பர்த்டே' பாடலை வெளியிட்டார். அது பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. 2018-இல் யோ யோ ஹனி சிங் இந்தியில் மறு ஆக்கம் செய்தார். இவற்றில் தாளமும் 'ஊர்வசி' என்ற விளியும் எஞ்சின. மின்வெட்டும் தேர்வும் மறைந்தன.

இவற்றினின்று வேறுபட்டது ரகுமானின் சொந்த முயற்சி. எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக அவர் ரசிகர்களிடமே புதிய வரிகளைக் கேட்டார். பட்டியல் வடிவம் அதற்கு இடம் கொடுத்தது: காலம் மாறினால் கவலையை மட்டும் மாற்றினால் போதும்.

மதிப்பீடு

வெளிநாட்டு வெற்றியைச் சொல்லியே இப்பாடலைப் புகழ்வது வழக்கம். அது பாதி மதிப்பீடே. 1994-இன் தமிழ் இளைஞன் எதற்கெல்லாம் வருந்தினான், யாரைக் கேலி செய்தான் என்பதற்கு இது நல்ல ஆவணம். இன்றைய மாணவர்கள் இதற்குப் புதிய வரிகள் எழுதிப் பார்க்கலாம். மாணவிகளும் எழுதினால் 1994-இல் விடுபட்ட குரல் அதில் சேரும்.