பாரில் ஒரு பிள்ளை

சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்த பாகம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை கிடையாக ஓடும் அந்தக் கம்பி. ஊரில் அதற்குப் பெயர் ‘பார்’. உடை தடுக்காமல் இருக்க லேடீஸ் சைக்கிளில் அதைத் தாழ்த்திவிட்டார்கள்.

புதுக்கோட்டைப் பெண்களின் யோசனை வேறாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரியில் உழைத்தவர்கள், வயல்வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். அவர்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

எவ்வளவு சரியான கணக்கு! கேரியரில் உட்காரும் குழந்தை நம் கண்ணில் படாது; தூங்கிச் சரிந்தாலும், ஆரக்காலுக்குள் பாதத்தை நுழைத்தாலும் தாமதமாகத்தான் தெரியும். பாரில் என்றால் அம்மாவின் இரண்டு கைகளுக்குள்ளேயே இருக்கும். பாரம் நடுவில் விழுவதால் வண்டியும் அதிகம் அலையாது. கேரியர் காலியாகிவிடுவதால் தண்ணீர்க் குடத்துக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் இடம் கிடைக்கும். பிள்ளையைப் பால்வாடியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம். வழியெல்லாம் பேச்சு வேறு: மாடு, ரயில்வே கேட், நேற்று வந்த மழை.

வெறும் கம்பி உறுத்தும். துண்டை மடித்துச் சுற்றலாம். பாரில் போல்ட் போட்டு முடுக்கும் குட்டி சீட்டும் சைக்கிள் கடைகளில் உண்டு.