அன்பு அரும்புவதும் நிலைப்பதும்: உளவியல் கொள்கைகள் – ஒரு திறனாய்வு

ஒருவரையொருவர் அறியாத இருவர் எப்படி உயிருக்கு உயிராகிறார்கள்? அப்படி ஆனவர்களுள் சிலர் இறுதிவரை இணைந்து வாழ, சிலர் ஏன் பிரிந்து போகிறார்கள்? ஈராயிரம் ஆண்டுகளாகப் புலவர்கள் இக்கேள்விக்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். உளவியல் அறிஞர்கள் இதை அளவுகோலும் அட்டவணையுமாக ஆராயத் தொடங்கியது சென்ற நூற்றாண்டில்தான். அவர்கள் வகுத்த கொள்கைகள் இன்று பாடநூல்களில் மட்டுமல்லாமல் வார இதழ்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் உலவுகின்றன.

அக்கொள்கைகள் பெரும்பாலும் அமெரிக்க மண்ணில் முளைத்தவை. நம் மண்ணில் அவை எவ்வளவு வேரூன்றும்? இதைச் சோதித்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளத்தை அடுத்துள்ள குளத்தூரையும், அங்கிருந்து கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் கரிசல் காட்டையும் உரைகல்லாக எடுத்துக்கொள்வோம். மானாவாரிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் பூமி இது. ஒருபுறம் தீப்பெட்டி ஆபீஸ்களும் மறுபுறம் கடலோர உப்பளங்களும் கொண்ட பகுதி.

அண்மை என்னும் விதி

கொள்கைகளுள் மிக எளியது, அருகில் இருப்பவரையே மனம் நாடும் என்பது. 1932-இல் ஜேம்ஸ் பொசார்ட் என்ற சமூகவியலார் பிலடெல்பியா நகரில் வழங்கப்பட்ட 5,000 திருமண உரிமங்களை ஆராய்ந்தார். மணமக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் திருமணத்துக்கு முன்பே ஐந்து தெருக்களுக்குள் வசித்தவர்கள் என்று கண்டார். 1968-இல் ராபர்ட் சயான்க் என்ற உளவியலார், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன்மேல் விருப்பம் உண்டாகப் போதுமானது என்று காட்டினார். 1992-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகிய சோதனை நடந்தது. தோற்றத்தில் ஏறத்தாழ ஒத்த நான்கு பெண்களுள் ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை. மற்ற மூவர் முறையே 5, 10, 15 முறை வந்து பேசாமல் அமர்ந்து சென்றனர். பருவ முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டியபோது, அதிக முறை வந்தவரையே அதிகம் பிடித்திருப்பதாக அவர்கள் கூறினர்.

இவ்விதி நம் ஊரிலும் செல்லுபடியாகும் என்பதில் ஐயமில்லை. ஒரே உப்பளத்தில் வரப்புக்கு வரப்பு நின்று உப்பு வாருபவர்களும், ஒரே பேருந்தில் நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறவர்களும் ஒருவரையொருவர் விரும்புவது இயல்பு. 'காதல் மேல்நாட்டுச் சரக்கு' என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லியம் ஜான்கோவியக், எட்வர்ட் பிஷர் என்ற மானிடவியலார் இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், 166 சமுதாயங்களைப் பற்றிய குறிப்புகளைத் துருவியபோது 147 சமுதாயங்களில் காதலுக்குச் சான்று கிடைத்தது. காதல் மனித இனத்துக்குப் பொதுவானது என்றே கொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அண்மையை அமைப்பது யார்? பொசார்டின் ஐந்து தெருக்களிலும் ஒத்த வருவாயும் ஒத்த இனமும் உடையவர்களே பெரும்பாலும் கூடி வாழ்ந்தனர். நம் கிராமங்களிலோ தெரு என்பதே சாதியின் மறுபெயராக இருந்து வந்திருக்கிறது. குடிதண்ணீர்க் கிணறு, கோயில் கொடை, சுடுகாடு எல்லாவற்றிலும் யார் யாருக்கு அருகில் நிற்கலாம் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. மாமன் மகளையும் அத்தை மகனையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வெவ்வேறு வீட்டில், பெரும்பாலும் வெவ்வேறு ஊரில் வளர்கிறார்கள். திருவிழாவிலும் சடங்கு வீட்டிலும் பார்த்துக் கொள்கிறார்கள். 'உனக்கு இவள்தான்' என்று சுற்றத்தார் கேலி பேசுவது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதுவும் திரும்பத் திரும்பக் காண்பதால் விளையும் விருப்பமே. அக்காட்சியை ஏற்பாடு செய்வதுதான் சுற்றம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் இன்றும் உறவுக்குள் நடப்பவை.

ஆகவே அண்மை விதி பொய்யல்ல, குறைபட்டது. மனம் எப்படி வேலை செய்கிறது என்று அது சொல்கிறது. மனத்தின் முன் யாரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள் என்பதை அது கேட்பதில்லை. தொழிற்சாலையும் கல்லூரியும் பேருந்தும் பழைய அண்மையைக் குலைத்துப் புதிய அண்மையை உண்டாக்கும்போதுதான் அந்தக் கேள்வி நம் கண்ணில் படுகிறது.

கொடுக்கல் வாங்கல் கணக்கு

உறவு நிலைப்பது எதனால் என்ற கேள்விக்கு வருவோம். ஜான் திபோ, ஹெரால்ட் கெல்லி இருவரும் 1959-இல் வகுத்த கொள்கை, உறவை ஒரு கொடுக்கல் வாங்கலாகக் காண்கிறது. இதில் எனக்குக் கிடைக்கும் நன்மை என்ன, இழப்பு என்ன, இதை விட்டால் எனக்கு வேறு வழி என்ன என்று மனம் அறிந்தோ அறியாமலோ கணக்குப் போடுகிறதாம். 1980-இல் கேரல் ரஸ்புல்ட் என்ற பெண் அறிஞர் இதனுடன் 'முதலீடு' என்ற கருத்தைச் சேர்த்தார். ஓர் உறவில் நாம் இட்ட காலம், உழைப்பு, குழந்தைகள், பொதுவான நண்பர்கள் ஆகியவை பிரிந்தால் திரும்பக் கிடைக்கா. எனவே மனநிறைவு குறைந்தாலும் முதலீடு அதிகமாக இருந்தால் உறவு நீடிக்கும் என்பது அவர் முடிவு. மழை பொய்த்த ஆண்டிலும் விதையையும் உழவுக் கூலியையும் போட்டுவிட்ட சம்சாரி காட்டை விட்டுப் போகாததைப் போன்றது இது.

நல்ல கொள்கைதான். ஆனால் கணக்குப் போடுகிறவர்கள் இருவர் மட்டுமே என்பது அதன் அடிப்படை. கரிசல் காட்டில் திருமணத்தைக் 'கொண்டு கொடுத்தல்' என்பார்கள். இச்சொல்லைச் சற்று ஊன்றிப் பாருங்கள். கொள்வதும் கொடுப்பதும் இரு குடும்பங்கள். கொள்ளப்படுவதும் கொடுக்கப்படுவதும் ஒரு பெண். நிலம், நகை, சீர், மொய், அடுத்த தலைமுறையின் உறவுமுறை எல்லாம் அந்தப் பேரேட்டில் உண்டு. 2011–12-இல் எடுக்கப்பட்ட இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில், தம் கணவரைத் தாமே தனித்துத் தேர்ந்ததாகச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர்தான். பேரேட்டில் கையெழுத்துப் போடாத ஒருவரின் கணக்கை வைத்து உறவின் உறுதியை எப்படி அளப்பது?

ரஸ்புல்ட்டே இதற்கு ஒரு பகுதி விடை தந்திருக்கிறார். 1995-இல் அவரும் மார்ட்ஸ் என்ற ஆய்வாளரும், கணவன் அல்லது துணைவனின் அடி உதைக்குத் தப்பிக் காப்பகத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்தனர். வருவாய்க்கு வேறு வழியற்றவர்களும், உறவில் அதிகம் முதலிட்டவர்களும் அவ்வுறவைத் தொடரும் மனநிலையில் கூடுதலாக இருந்தனர். ஒருவர் ஓர் உறவில் தங்கியிருப்பது வேறு, அதில் மகிழ்ந்திருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. இக்கொள்கையை எடுத்துப் பேசும் பலர் வசதியாக மறந்துவிடும் பகுதி இது.

பிணைப்பும் முக்கோணமும்

இன்னும் இரு கொள்கைகளைச் சுருக்கமாகக் காண்போம். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதை, 1987-இல் ஹேசன், ஷேவர் இருவரும் காதலுக்கும் நீட்டினர். ஒரு நாளிதழில் கேள்வித்தாளை வெளியிட்டு, வந்த 620 விடைகளை அலசினர். நூற்றுக்கு 56 பேர் பிறரை நம்பி நெருங்குபவர்கள், 25 பேர் விலகிச் செல்பவர்கள், 19 பேர் 'என்னை விட்டுவிடுவார்களோ' என்று அஞ்சுபவர்கள் என்றனர். ஒரே நாளிதழின் வாசகர்களுள், தாமே விரும்பி விடை எழுதியவர்களின் கணக்கு இது. ஆச்சி, பெரியம்மை, அக்காள் என்று பல கைகளில் வளரும் குழந்தைக்கும் இதே வகைகள், இதே அளவில் பொருந்தும் என்று இதை வைத்து மட்டும் சொல்ல இயலாது.

ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் 1986-இல் வெளியிட்ட முக்கோணக் கொள்கை, அன்பை நெருக்கம், வேட்கை, பற்றுறுதி என்று மூன்று பக்கங்களாகப் பிரிக்கிறது. 25 நாடுகளில் இதன் அளவுகோலைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, இம்மூன்றும் பல பண்பாடுகளில் தென்படுவதாகவே கூறுகிறது. எனினும் பற்றுறுதி என்பது நானே எடுத்த முடிவா, எனக்காகப் பிறர் எடுத்த முடிவா என்று பிரித்துப் பார்க்க முக்கோணத்தில் இடமில்லை.

மேடையில் முழங்கும் ஓர் ஆய்வு

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 1982-இல் உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இருவர் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரை ஆராய்ந்தனர். காதல் மணம் புரிந்தவர்களிடம் தொடக்கத்தில் அன்பின் மதிப்பெண் உயர்ந்தும், ஆண்டுகள் பல ஆனவர்களிடம் தாழ்ந்தும் இருந்தது. பெற்றோர் முடித்த மணத்தில் இது தலைகீழாக இருந்தது. 'பார்த்தீர்களா! பெரியவர்கள் பார்த்துச் செய்வதே நிலைக்கும்' என்று இதைக் கொண்டு மேடைகளில் முழங்குவார்கள்.

மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அந்த ஆய்வு அதே தம்பதியரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்க்கவில்லை. புதிதாக மணந்த சிலரையும், மணந்து பல ஆண்டுகளான வேறு சிலரையும் ஒரே காலத்தில் கேட்டது. இந்த ஆண்டுக் கன்றையும் பத்தாண்டு மரத்தையும் பக்கத்தில் வைத்து, 'இக்கன்று இப்படித்தான் வளரும்' என்று சொல்வதைப் போன்றது அது. மேலும், 50 தம்பதியரைக் காதல் மணம், ஏற்பாட்டு மணம் என்று பிரித்து, மணமான காலத்தைக் கொண்டு மீண்டும் பிரித்தால், ஒவ்வொரு பிரிவிலும் எஞ்சுவோர் மிகச் சிலரே. 2012-இல் அமெரிக்கா வாழ் இந்தியர் 58 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் இருவகை மணத்துக்கும் இடையே அன்பிலோ மனநிறைவிலோ வேறுபாடு காணப்படவில்லை. அதுவும் சிறிய ஆய்வுதான். இரண்டையும் வைத்து எந்தத் திருமணம் மேலானது என்று தீர்ப்புச் சொல்வது அறிவியலாகாது.

வேலியின் இரு பக்கங்கள்

ஜார்ஜ் லெவிங்கர் 1965-இல் ஒரு கருத்தைச் சொன்னார். மணவாழ்வை உள்ளிருந்து ஈர்க்கும் கவர்ச்சி மட்டுமல்ல, வெளியே போகவிடாத வேலியும் காத்து நிற்கிறது என்றார். சட்டம், சமயம், பிள்ளைகள், ஊர்ப் பேச்சு ஆகியவை அந்த வேலி.

நம்மிடம் அந்த வேலி எவ்வளவு உயரம்? 2011 மக்கள்தொகைக் கணக்கில், இந்தியாவில் மணவிலக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். மணவிலக்கு இல்லாமலே பிரிந்து வாழ்ந்தவர்கள் இதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஏட்டில் நிலைத்திருந்த அத்திருமணங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. கணவன் வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு 'வாழாவெட்டி' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதே நிலையிலுள்ள ஆணுக்கு அப்படியொரு சொல் நம் வழக்கில் இல்லை. ஒரே வேலி, ஒருவருக்கு மட்டும் முள்ளாக இருக்கிறது.

வேலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளிருப்பவரை வெளியே விடாததோடு, வெளியிலிருப்பவரை உள்ளே வரவும் விடாது. லெவிங்கர் இப்பக்கத்தை எழுதவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற குறுநாவலில், ஆட்டுக்கிடையைச் சூழ்ந்த வாழ்வில் அரும்பிய காதல் சாதியின் முன் தோற்பதைக் காட்டியிருக்கிறார். கதையைவிடக் கொடியது நடப்பு. 2019 ஜூலையில், காதலித்து மணந்த இளந்தம்பதியர் இருவர் இதே குளத்தூரில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்கள் உறவு நிலைக்காமல் போனதற்கு நெருக்கம் குறைந்ததோ, வேட்கை தணிந்ததோ, கணக்குப் பிசகியதோ காரணமல்ல. எந்த முக்கோணத்திலும் அவர்கள் சாவுக்கு விடை கிடையாது. வயது வந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பது அரசியல் சட்டம் தரும் உரிமை என்று அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2018 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

எதைக் கொள்வது?

இக்கொள்கைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பழகப் பழக விருப்பம் வளரும்; இட்ட உழைப்பு உறவைப் பிணைக்கும்; அன்புக்குப் பல முகங்கள் உண்டு. இவை பயன்தரும் உண்மைகள். ஆனால் இவை யாவும் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட ஓர் எடுகோள் உண்டு: வருவதற்கும் போவதற்கும் இருவருக்கும் உரிமை இருக்கிறது என்பதே அது. அந்த உரிமை உள்ள இடத்தில், நீண்ட நாள் சேர்ந்து வாழ்வது அன்புக்கு ஓரளவு அடையாளம். அது இல்லாத இடத்தில், நீண்ட நாள் என்பது வெறும் காலக் கணக்கு.

எனவே, உறவுகளைப் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரைக் கேட்டு எழுதினார்கள்? அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தார்களா? அவர்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வழி இருந்ததா? மூன்றாவது கேள்வியை ஆய்வுத்தாளிடம் மட்டும் கேட்டால் போதாது. நாளை உங்கள் வீட்டில் அக்காளுக்கோ தங்கைக்கோ மணம் பேசும்போது, திண்ணையில் கூடியிருக்கும் பெரியவர்களிடமும் அதைக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.