தொட்டியும் கூரையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், இன்றைய குறுங்கவிதைகளைப் பற்றிப் பேசிய நண்பர் அவற்றைப் 'போன்சாய்க் கவிதைகள்' என்றார். சபை சிரித்தது. நமக்குப் பழகிப்போன வசை இது. வளர வேண்டியதை வளரவிடாமல் குறுக்கி, அழகு என்று மேஜைமேல் வைப்பது என்று அர்த்தம். நானும் ஒரு மதிப்புரையில் இதே வசையைப் பிரயோகித்திருக்கிறேன். அப்போது நான் ஒரு போன்சாய்கூட வளர்த்ததில்லை. இப்போது எங்கள் கொல்லையில் 14 தொட்டிகள் இருக்கின்றன. ஆகவே இந்த உவமையைச் சற்று சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஆட்சேபம் ஜப்பானிலேயே பழையது. 14ஆம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவி எழுதிய 'த்ஸுரெஸுரெகுஸா'வில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஸுகெதோமோ என்ற பிரபு மழைக்காக ஒரு கோவில் வாசலில் ஒதுங்குகிறார். அங்கே கைகால் கோணிய இரவலர்கள் இருக்கிறார்கள். முதலில் விசித்திரம் என்று பார்க்கிறார்; பிறகு அருவருப்படைகிறார். வீடு திரும்பியதும், தாம் ஆசையாய் வளர்த்துவந்த கோணல் மரங்களைத் தொட்டிகளிலிருந்து பிடுங்கி எறிந்துவிடுகிறார். அந்த மனிதர்களைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை என்பது இருக்கட்டும். தன் ரசனையின்மேல் அவருக்கு எழுந்த சந்தேகம் நியாயமானது. யாருடைய தேவைக்காக இந்தக் கோணல்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுப் போன்சாய் பற்றியும் பேச முடியாது, கவிதையின் உருவம் பற்றியும் பேச முடியாது.

என் முதல் மரம் குளியலறைச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்று. பிறகு ஓர் இச்சி, ஒரு புளி, ஒரு கொடுக்காப்புளி. செங்கல் அடுக்கி, மேலே கடப்பைக்கல் பலகை போட்டு வரிசையாக வைத்தேன். செங்கல் ஜல்லி, ஆற்று மணல், மக்கிய எரு கலந்த மண். தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும் என்பதுதான் அந்த மண்ணின் ரகசியம்.

நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், போன்சாய் பட்டினி போடப்பட்ட மரம் அல்ல என்பது. கையளவு மண்ணில் நிற்பதால் அதற்கு எருவும் தண்ணீரும் அடிக்கடி வேண்டும். கோடையில் ஒரு நாள் மறந்தால் போதும், போய்விடும். இரண்டாவது, வேரை வெட்டுவது கொடுமையல்ல. வெட்டாமல் விட்டால் வேர்கள் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகி, மரம் தன் வேராலேயே திணறிச் சாகிறது. வெட்டிய இடத்தில் புது வேர்கள் ஓடுகின்றன. மூன்றாவதுதான் முக்கியமானது. அடிமரம் தொட்டியில் தடிப்பதில்லை. தடித்த அடிமரம் வேண்டுமானால் கன்றைச் சில வருஷங்கள் தரையில் நட்டு, அதன் இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். பிறகு தைரியமாக வெட்டி, தொட்டிக்கு மாற்ற வேண்டும். விரற்கடை கன்றைக் கொண்டுவந்து முதல் நாளே கம்பி சுற்றினால், எத்தனை வருஷமானாலும் அது கம்பி சுற்றிய கன்றாகத்தான் இருக்கும்.

ஆக, கூட்டத்தில் நண்பர் கேலி செய்தது போன்சாயை அல்ல, அவசரத்தை. பெரிதாக இருந்து குறுகியதும், எப்போதுமே சின்னதாக இருந்ததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வரி எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். அடிமரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சரியாகவே இருந்திருப்பேன். ஆனால் இங்கிலீஷ் புத்தகங்களில் பார்த்த படங்கள் மனசைவிட்டுப் போகவில்லை. எல்லாவற்றிலும் கண்ணாடியிலோ பாலிதீனிலோ ஒரு பசுமைக்குடில். பி.வி.சி. குழாய்களை வளைத்து, பாலிதீன் தாள் போர்த்தி, 10 அடிக்கு 8 அடியில் நானும் ஒன்று கட்டினேன். கார்த்திகை, மார்கழியில் இலைகள் கொழுத்தன. தை, மாசியில் கிளைகள் மளமளவென்று நீண்டன. வந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் உள்ளே கை வைக்க முடியவில்லை. வெயில் உள்ளே வருகிறது, சூடேறிய காற்று வெளியேற வழியில்லை. பசுமைக்குடில் என்றால் அவ்வளவுதான். இரண்டு நாளில் ஐந்து மரங்கள் கருகின. தப்பியவற்றை வெளியே எடுத்து வைத்தேன். அந்தக் கொழுத்த இலைகள் சாதாரண வெயிலைக்கூடத் தாங்காமல் பொசுங்கிவிட்டன.

பிறகுதான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். பனிக்காலத்தில் உறைந்துபோகும் ஊர்க்காரர்கள் ஆல், இச்சி போன்ற நம் ஊர் மரங்களைக் காப்பாற்றத்தான் குடிலைச் சூடேற்றி வைக்கிறார்கள். அவர்களுடைய பைனையும் மேப்பிளையும் அதில் வைப்பதில்லை. அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாளடைவில் நலிந்துவிடும். எங்கோ பெய்யும் பனிக்கான மருந்தை, அந்த நோயே இல்லாத கொல்லையில் நான் கட்டி வைத்திருந்தேன்.

இதை எழுதுவது தோட்டக்கலைக் குறிப்புக்காக அல்ல. சில வருஷங்களுக்கு முன், சிறு பத்திரிகை ஒன்றில் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓர் இளைஞர் தன் அப்பாவின் தறியைப் பற்றி 60 வரிகளில் ஒரு கவிதை அனுப்பினார். தளர்ச்சியும் கூறியது கூறலும் நிறைந்திருந்தது. ஆனால் வேகம் இருந்தது. அதை நான் 11 வரிகளாக்கினேன். படிமக் கொள்கை பற்றி நான் படித்திருந்ததெல்லாம் அந்த 11 வரிகளில் இருந்தது. எங்கள் வட்டத்தில் பாராட்டாத ஆளில்லை. அவர் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அதற்கப்புறம் அவரிடமிருந்து வந்த நான்கு கவிதைகளும் 11 வரிகளுக்குள்தான் இருந்தன. அவற்றில் தறியும் இல்லை, அப்பாவும் இல்லை. அவற்றையும் பாராட்டினோம். பிறகு அவர் எழுதவில்லை.

தரையில் நிற்க வேண்டிய காலத்தில் நான் அவரை வெட்டினேன். பிறகு பாராட்டு என்ற பாலிதீனைப் போர்த்தினோம். ஸுகெதோமோவின் கேள்வி இந்த இடத்தில் என்னைத்தான் கேட்கிறது. அந்த உருவம் அவருடைய கவிதைக்குத் தேவைப்பட்டதா, எனக்கா? எனக்குத்தான் என்பதில் இன்று சந்தேகமில்லை.

வாஷிங்டன் தேசிய மரக்காட்சித் தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625லிருந்து தொட்டியில் வளர்ந்துவருவது. 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்கு ஜப்பான் கொடுத்த 53 போன்சாய்களில் ஒன்று. அதைத் தந்தவர் மஸாரு யமாகி. 1945 ஆகஸ்டு 6 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் அவருடைய வீட்டில் அந்த மரம் இருந்தது. தோட்டத்து மதில் அதைக் காப்பாற்றியது. 2001இல் அவருடைய பேரன்கள் வந்து சொல்லும்வரை வாஷிங்டனில் இது தெரியாது.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தப் பைனுக்கும் ஒரு மதில் வேண்டியிருந்தது. ஆனால் மதிலுக்கு மேலே வானம் திறந்திருந்தது. வெயிலும் மழையும் பனியும் அதன்மேல் விழுந்தன. சிறு பத்திரிகை மதிலாக இருக்கட்டும். கூரையாகிவிடக் கூடாது.

பாலிதீனை உருவிவிட்டேன். சித்திரை, வைகாசிக்கு மட்டும் நிழல்வலை. குழாய்களில் அவரை படர்ந்திருக்கிறது. அந்த 60 வரிகளின் பிரதி என்னிடம் இல்லை. வெட்டியபின் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பழைய விலாசத்துக்கு எழுதியிருக்கிறேன்.