பாறை குடிக்கும் தண்ணீர்

கொத்தனார் சுவர் எழுப்பும் முன் செங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் போடுவார். காய்ந்த கல் குமிழி விட்டுக்கொண்டு தண்ணீரைக் குடிக்கும். குமிழி அடங்கிய பிறகுதான் கல்லை எடுப்பார். ஊறாத கல்லில் கலவையை வைத்தால் கலவையிலிருக்கும் தண்ணீரையே கல் உறிஞ்சிவிடும். கலவை கரண்டிக்கு அடங்காமல் அப்போதே வறண்டு போகும். வீடு கட்டுகிறவருக்கு இது தொல்லை. எண்ணெய்க் கிணற்றில் வேண்டாத துளைகளை அடைக்கிறவருக்கோ இதுதான் கைமுதல்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், எண்ணெய் வரட்டும் என்று கிணற்றின் உறையான கேசிங் குழாயில் நாமே சுட்டு வைத்த துளைகள் அவை. விரல் நுழையும் அகலம்தான். ஆனால் குழாயைத் தாண்டிப் பாறைக்குள்ளும் நீளும். சில ஆண்டுகள் எண்ணெய் தந்த அதே துளை வழியாகப் பிறகு உப்புத் தண்ணீர் ஏறத் தொடங்கும். அந்தத் தண்ணீரைப் பிரித்து அப்புறப்படுத்தும் செலவே கிணற்றின் வருமானத்தைத் தின்றுவிடும். துளையை மூடியாக வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது, கை எட்டாது. நம்மிடம் இருப்பது சிமென்ட் பால், ஒரு பம்பு, அழுத்தத்தைக் காட்டும் ஒரு முள். இந்த வேலைக்கு 'ஸ்க்வீஸ்' என்று பெயர். எண்ணெய்க் கிணற்று வேலைகளில் இதைவிட நுட்பமான ஒன்றை நான் அறியேன்.

கிணற்றுக்குள் புகும் தண்ணீரைச் சிமென்ட்டால் நிறுத்தலாம் என்று செய்து காட்டியவர்களில் முன்னோடி, யூனியன் ஆயில் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹில். இடம் கலிஃபோர்னியாவின் லோம்போக் எண்ணெய் வயல், ஆண்டு 1903. எண்ணெய் மணலுக்கு மேலிருந்து தண்ணீர் புகுந்து கெடுத்துக்கொண்டிருந்தது. 50 மூட்டை சிமென்ட்டைக் கரைத்து, நீண்ட வாளி போன்ற கலத்தில் இறக்கி, அடியில் கொட்டினார். 28 நாள் காத்திருந்தார். இறுகியதைத் துளைத்துக்கொண்டு கீழே போனபோது தண்ணீர் நின்றிருந்தது. கொட்டியதைவிட அந்த 28 நாள் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஹில் கொட்டியதோடு சரி; ஸ்க்வீஸில் அழுத்த வேண்டும். பம்பு வைத்து அழுத்தினால் சிமென்ட் பாறைக்குள் ஊடுருவிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஊடுருவாது. சிமென்ட் துகள் சராசரியாக 20, 30 மைக்ரான் இருக்கும். மணற்பாறையின் நுண்துளைகள் பெரும்பாலும் அதை உள்ளே விடாது. தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு துகளை வாசலிலேயே நிறுத்திவிடும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் இறங்கிக் கட்டி மிஞ்சுமே, அப்படித்தான் துளைக்குள் கெட்டிப் பொருக்கு சேர்கிறது. அவசரக்காரர்கள் அழுத்தத்தை ஏற்றிப் பாறையைப் பிளந்துவிடுவார்கள். பிளந்த பாறை எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். போனது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனாலும் என் மனம் அதில் ஒட்டுவதில்லை.

தேர்ந்த கை வேறு மாதிரி. கால் பீப்பாய் அனுப்பும்; சுமார் 40 லிட்டர், மூன்று நான்கு குடம். முள் ஏறும். பம்பை நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்கும். முள் மெல்ல இறங்கும். கீழே பாறை குடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடி கொஞ்சம் அனுப்பும். இந்தத் தடவை முள் சற்று உயரமாய் ஏறும், இறக்கம் மந்தப்படும். மறுபடி, மறுபடி. வரைதாளில் இது ரம்பப் பற்களாக விழும். ஒவ்வொரு பல்லின் சரிவும் முந்தையதைவிடத் தணிந்து, கடைசியில் கோடு சரியாமல் அப்படியே நிற்கும். 'ஹெசிட்டேஷன் ஸ்க்வீஸ்' என்கிறார்கள் இதை. தயங்கித் தயங்கிச் செய்வது. அனுபவசாலி அந்தச் சரிவைப் பார்த்தே, பொருக்கு கட்டுகிறதா, பால் எங்கோ ஓடுகிறதா என்று ஊகித்துவிடுவார்.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பாலை அனுப்ப உள்ளே இறக்கிய குழாயில் மிச்சமிருக்கும் பாலுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆழத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது எத்தனை மணி நேரம் இளகலாக இருக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் முன்பே கலக்கிப் பார்த்திருப்பார்கள். அதற்குள் மிச்சத்தைத் திரும்ப மேலே எடுத்தாக வேண்டும்; தவறினால் அந்தக் குழாய்க்குள்ளேயே சிமென்ட் கட்டிப்போகும். மேலே வருவது தொட்டியில் இறுகாமலிருக்க ரிக்கில் சீனி மூட்டை தயாராக இருக்கும். சீனி கலந்த சிமென்ட் எளிதில் இறுகாது.

பக்குவத்தின் உச்சம் என்று நான் சொல்வது, பால் தன் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்ற கணக்கை. வெறும் சிமென்ட் பால் தண்ணீரை மளமளவென்று விட்டுவிடும். முதல் துளைகளின் வாயிலேயே பொருக்கு வீங்கிக் குழாயை அடைக்கும். கீழ்த் துளைகளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. தண்ணீரை விடவே விடாத பால் என்றாலோ எந்தத் துளையும் நிறையாது. அதனால் மருந்து சேர்த்து, அரை மணி நேரச் சோதனையில் பெரும்பாலும் 50 முதல் 200 மில்லி வரை மட்டும் விடும்படி பக்குவப்படுத்துகிறார்கள். அளவு கூடி வந்தால், துளை முழுக்க நிறைந்து, குழாயின் உட்சுவரில் ஒரு சின்ன மொட்டு மட்டும் துருத்தி நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு இறங்கும் துரப்பண முனை அதையும் சீவிவிடும்.

அடைத்ததை இரண்டு வகையில் சோதிப்பார்கள். உள்ளிருந்து அழுத்திப் பார்ப்பது ஒன்று. உள்ளழுத்தத்தைக் குறைத்து, பாறை திருப்பித் தள்ளுகிறதா என்று பார்ப்பது மற்றொன்று, இதுதான் கறாரானது. துளையைக் கழுவாமல் பழைய சேற்றின் மேலேயே சிமென்ட் வைத்திருந்தால், முதல் சோதனையில் தேறியது இங்கே தோற்றுப்போகும்.

உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், தொட்டியில் செங்கல் போடும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். குமிழி அடங்கும் வரை.