புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

சூளகிரியில் ஒரு நண்பர், பாட்டியின் சுருக்குப்பையில் இருந்ததாகச் சொல்லி ஒரு செப்புக்காசைக் காட்டினார். திப்பு சுல்தானின் யானைக்காசு. இந்தப் பக்கம் 18-ம் நூற்றாண்டில் மைசூர் ஆட்சி என்பதால் அதிசயமில்லை. 'பத்து லட்சம் தேறுமா சார்?'

தேறாது. வயசு மட்டும் விலையாகாது. இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன, எந்த ஊரில் அடித்தது, எழுத்து தெளிவா... இவைதான் விலை. யானைக்காசு நிறையவே கிடைக்கிறது. போதாததற்கு, நண்பர் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்ததில் பின்பக்கத்து ஊர்ப்பெயரும் போயே போச்சு!

'பழைய காசுக்கு லட்சங்கள்' வீடியோக்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. இந்த வியாபாரத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் ஆசாமிகளும் உண்டு. நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

வீடியோக்களுக்கு மாற்று மருந்து, இரா. கிருஷ்ணமூர்த்தியின் 'சங்கம் ஏஜ் தமிழ் காயின்ஸ்' (1997). விலையைத் தேடாமல் எழுத்தைத் தேடியவர். பாண்டியர் செப்புக்காசு ஒன்றில், தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று படித்தார். சங்கப் பாடல்களில் வரும் பெயர், கையில் பிடிக்கிற உலோகத்தில்!

அந்தக் காசையும் யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால்?