விம்மில் ‘கம்பம்’ என்று அடித்தால்

தமிழ்99 விசைப்பலகையில் ‘கம்பம்’ என்று அடிக்க ஐந்து விசை போதும்: எச், கே, ஜே, கே, எஃப். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். தமிழை ஆஃப் செய்துவிட்டு, விம் எடிட்டரின் கட்டளை நிலையில் இதே ஐந்தையும் அடித்தால் கர்சர் இடப்பக்கம் ஓர் எழுத்து நகரும், ஒரு வரி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கடைசி எஃப், ‘எந்த எழுத்தைத் தேட?’ என்று காத்து நிற்கும். கம்பமாவது பரவாயில்லை. ‘தேனி’க்கு எல், டி, ஐ, எஸ். அந்த எஸ், கர்சர் நிற்கும் எழுத்தைத் தின்றுவிடும். ஊரைப் பற்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்த எனக்கு முதல் வாரம் இப்படித்தான் போனது.

அம்புக்குறி விசைகளுக்குப் பதில் எச், ஜே, கே, எல் என்பது பில் ஜாய் 1976-ல் எழுதிய ‘விஐ’ எடிட்டரின் பழக்கம். அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சாகியிருந்தன. பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட விம்மும் அதையே தொடர்ந்தது. தமிழ்99-ல் அந்த நான்கு இடமும் க, ப, ம, த. விரல் அதிகம் நகராமல் கிடைக்கிற நல்ல இடத்துக்கு இரண்டு தரப்பும் துண்டு போட்டிருக்கின்றன.

இந்த மோதலைத் தீர்க்க முதலில் ‘லாங்மேப்’ வைத்துப் பார்த்தேன். கட்டளை நிலையில் ‘ப’ வந்தால் ஜே என்று எடுத்துக்கொள் என விம்மிடம் சொல்லும் வசதி இது. ஒரு தட்டுக்குச் சரி. இரண்டு வரி இறங்க ஜே, ஜே என்று தட்டினால், தமிழ் மென்பொருள் அதை ‘ப்ப’ ஆக்கி அனுப்புகிறது. நடுவில் வரும் புள்ளியை என்ன செய்வதென்று விம்முக்குத் தெரியாது, மணி அடிக்கிறது. ஏறி இறங்கினால் ‘ம்ப’, அதற்கும் மணி. அரைமணி நேரத்தில் கழற்றிவிட்டேன்.

‘கீமேப்’ அப்படியில்லை. வெளி மென்பொருளை மூடிவிட்டு, தமிழ்99 முழுவதையும் விம்முக்குள்ளேயே ஒரு கோப்பாக எழுதிக்கொள்ள வேண்டும். உயிர்மெய்யே 216. இரட்டிப்பு, கிரந்தம் எல்லாம் சேர்த்தால் கையால் ஆகாது, சின்ன பைத்தான் நிரல் ஒன்று வரிகளைக் கக்கிக் கொடுத்தது. எழுதும்போது மட்டும் தமிழ். கட்டளை நிலைக்கு வந்தால் ஜே வெறும் ஜேதான். அதைவிட எனக்குப் பிடித்தது, எஃப் அடித்துத் தேடும் எழுத்துக்கும் இதே கீமேப் வேலை செய்வது. ‘உத்தமபாளையத்திலிருந்து’ என்பது விம்முக்கு ஒரே சொல். டபிள்யூ அடித்தால் மொத்தமாகத் தாண்டிவிடும். எஃப் அடித்து எச் தட்டினால் வரியில் அடுத்த ககரத்துக்குப் போகலாம். ஆனால் அந்த எச்சைத் தொடர்ந்து உயிர் வருமா என்று விம் ஒரு வினாடி யோசிக்கிறது. ‘டைம்அவுட்லென்’ அளவை 1000-லிருந்து 300 ஆக்கியதும் தாங்க முடிந்தது.

இன்னும் இரண்டு மாற்றங்கள். என் பத்தி ஒவ்வொன்றும் விம் கணக்கில் ஒரே நீள வரி, ஜே தட்டினால் லோயர் கேம்ப்பில் நிற்கும் கர்சர் அடுத்த பத்தியின் சுருளிப்பட்டியில் போய் விழும். ஜேயை ‘ஜிஜே’ ஆகவும் கேயை ‘ஜிகே’ ஆகவும் மாற்றிவைத்தால் கண்ணுக்குத் தெரியும் வரிப்படி நகரும். அடுத்தது ‘டெல்கம்பைன்’. ‘முல்லைப்பெரியாறு’ நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 16 குறியீடு, கோப்பில் 48 பைட். கர்சர் நம் கணக்குப்படி எட்டு தட்டில்தான் நகர்கிறது. அழிக்கும்போதும் அப்படியே: எக்ஸ் அடித்தால் ‘பெ’ முழுசாகப் போய்விடும், ஒற்றைக்கொம்பை மட்டும் திருத்த முடியாது. டெல்கம்பைனை ஆன் செய்தபின் கொம்பு போய் ‘ப’ நிற்கிறது. ‘க்ஷ’வைத் தாண்ட மட்டும் எப்போதும் இரண்டு தட்டு.

பெரிய குறை திரையில்தான். விம் கட்டம் கட்டமாக எழுத்தை அடுக்குவதால், ‘ணை’ போன்ற அகலக்காரர்கள் பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காருவார்கள். அதனால் கடைசிப் பிழைதிருத்தத்தை வேறு எடிட்டரில் வைத்துக்கொள்கிறேன். அங்கேயும் கை பழக்கத்தில் ஜே, ஜே என்று தட்டிவிடுகிறது. போன கட்டுரையில் பன்னீர் திராட்சைக்கு முன்னால் ஒரு ‘ப்ப’ அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.