பிள்ளை கேட்காத கேள்வி

கம்மாபுரம் பக்கத்து ஆட்களைக் கேட்டால், நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி, கடலூர் என்றால் கலெக்டர் ஆபீஸ் என்பார்கள். அந்தக் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு 1748-ல் வந்து சேர்ந்தார் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். கம்பெனிப் பட்டாளத்தை ஒழுங்கு பண்ணியவர். 'இந்திய ராணுவத்தின் தந்தை' என்று பட்டமே உண்டு. தந்தை சரி, பிள்ளைகள் யார்?

இதற்காகத்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மறுபடி புரட்டினேன். அவர் எதிர்முகாம், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி. ஆனால், ஆள் சேர்க்கிற விதம் இரண்டு கோட்டையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டு வம்பு... எல்லாம் பேச்சுத் தமிழில், திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. இன்றைக்கும் அலுக்கவில்லை.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. மாஹேயிலிருந்து வந்த சிப்பாய்கள், 'காப்பிரிகள்' எனப்பட்ட ஆப்பிரிக்கர்கள் எல்லோரும் கூட்டமாகத்தான் வருகிறார்கள். ஷேக் ஹசன், அப்துல் ரகுமான் மாதிரித் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. மற்றவன் வெறும் எண்ணிக்கை. அவன் எந்த ஊர், வயலை விட்டு ஏன் வந்தான், வீட்டில் யார் காத்திருந்தார்கள்? ஊர் வம்பெல்லாம் விசாரித்த பிள்ளை, இதை மட்டும் விசாரிக்கவில்லை.

ஆனாலும் அவரிடம் ஒன்று கற்கலாம். அவர் வியாபாரி. நாம் 'துரோகியா, வீரனா?' என்று பட்டிமன்றம் நடத்துகிற இடத்தில், அவருக்குச் செலவுக் கணக்குதான் முதலில் தெரியும். பட்டாளம் என்பது முக்கால்வாசி சம்பள விவகாரம். 1759-ல் வந்தவாசியில் பாக்கிச் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தது பிரெஞ்சு வெள்ளைச் சோல்ஜர்களேதான். வயிறு எல்லாருக்கும் ஒன்றுதானே சார்!

பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் தந்தார். சிப்பாயை நடுவில் நிறுத்தி இன்னொன்று யாராவது எழுதலாம். கடலூரிலேயே கதை இருக்கிறது. 1783 ஜூன் 13 அன்று அங்கே பிரெஞ்சுப் படையோடு பெரும் சண்டை. இங்கிலீஷ்காரர்கள் பக்கம் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த சோல்ஜர்கள். அவர்களின் மன்னரும் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜும் ஒரே ஆள்; அதனால் வந்தார்கள். பக்கத்திலேயே நம் சிப்பாய்கள். நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள்.

ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது. தகவல் கடலூருக்கு வந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன சண்டைக்காகச் செத்தவர்களின் பெயரையாவது யாராவது எழுதிவைத்திருக்கலாம். எழுதப் பிள்ளையும் இல்லை. 1761-லேயே போய்விட்டார்.